முகம் தெரிவதற்கு முன்

அறுபதைத் தாண்டிய நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு, கவனித்திருப்பீர்கள். பூங்காவில் தூரத்தில் யாரோ வருகிறார்கள். முகம் தெரியவில்லை. ஆனாலும் கை தானாக எழுந்துவிடுகிறது. பக்கத்தில் வந்ததும் பார்த்தால் நாம் நினைத்த ஆளேதான். எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்று யாராவது கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது.

போன மாதம் என் மருமகள் கைப்பேசியில் ஒன்றைக் காட்டினாள். கறுப்புத் திரையில் பத்துப் பதினைந்து வெள்ளைப் புள்ளிகள். அசையாமல் இருந்தபோது தரையில் சிந்திய பொரி மாதிரிதான் இருந்தன. அவள் விரலால் தொட்டதும் அசைந்தன. அசைந்த அந்தக் கணமே அங்கே ஒரு மனிதர் நடந்துகொண்டிருந்தார். உடம்பு இல்லை, துணி இல்லை, தலைமுடி இல்லை. தோளுக்கு ஒரு புள்ளி, முழங்கைக்கு ஒன்று, இடுப்புக்கு, முழங்காலுக்கு, அவ்வளவுதான்.

"ஜென்ட்ஸா, லேடீஸா, சொல்லுங்க அத்தை."

சொன்னேன். அடுத்ததையும் சொன்னேன். அதற்கடுத்ததையும்.

"எப்டி அத்தை, இவ்ளோ ஃபாஸ்ட்டா? எனக்கே ரெண்டு தப்பு ஆச்சு. இது எல்லாம் பிரெய்ன் தானா பண்ணுது, தெரியுமா?"

தெரியும் என்று சொல்லவில்லை. என் மூளை அந்த வேலையை எங்கே கற்றுக்கொண்டது, கற்றதை எப்படி ஒரு நாள் தொலைத்தது, அதனால் யாருக்கு என்ன ஆனது என்பதை அவளுக்கு நின்ற நிலையில் சொல்ல முடியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் மராத்தி பேசும் ஊரான போபோடியில் இருந்தோம். அப்பா கட்கி பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வேலூர் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் வீடு ஒரு சாளில் இருந்தது; சாள் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக எட்டு அறைகள், முன்னால் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு குழாய், ஒரு கொய்யா மரம். சாளின் சொந்தக்கார அம்மாளை எல்லோரும் காகு என்று கூப்பிடுவோம். மராத்தியில் சித்தி. அவர் கணவர் காகா. ஊரிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்து, கூரையில் காக்கையைத் தேடுவார்கள். காகா பருத்த மனிதர். முட்டிவலிக்காரர். எட்டு மணிக்கு முன்னால் அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

கடைசி அறையில் அக்கா இருந்தாள். சொந்த அக்கா இல்லை. கோயம்புத்தூர் பக்கத்துக்காரி, கல்யாணம் ஆகாதவள், தனியாக இருந்தாள். அப்பா வேலை பார்த்த இடத்திலேயே டெலிபோன் ஆபரேட்டர். நெட்டையான உடம்பு. குரல் கனமாக, அடித்தொண்டையிலிருந்து வரும். "போன்ல பேசறவங்க பாதிப் பேரு என்னை ஆம்பளைன்னு நெனச்சு 'சாப்'னு கூப்பிடுவாங்க கண்ணு. நான் திருத்தறதில்லை. சாப்னு நெனச்சா சீக்கிரம் வேலையை முடிச்சுட்டு வெச்சுடறாங்க" என்று ஒரு தடவை சொல்லிச் சிரித்தாள்.

எனக்குக் கண் சரியில்லை. அது யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. நாலு முழத்துக்கு அப்பால் உலகம் எல்லோருக்கும் இப்படித்தான் கரைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மரம் என்றால் பச்சையாக ஒரு மூட்டம். முகம் என்றால் மாநிறத்தில் ஒரு வட்டம். தெருவில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் நான் திரும்பச் சிரிக்கமாட்டேன். "இன்னா திமிரு இவளுக்கு" என்று அம்மா வருத்தப்படுவாள். கரும்பலகையில் இருப்பதைத் தப்புத் தப்பாக எழுதுவதால் பள்ளிக்கூடத்தில் என்னை மந்தம் என்றார்கள். உயரமாக இருந்ததால் கடைசி பெஞ்சு.

முகம் இல்லாத உலகத்தில் ஆட்களைத் தெரிந்துகொள்ள வேண்டுமே. நடையை வைத்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்கிறேன் என்பதுகூட எனக்குத் தெரியாது.

குளிர்காலத்தில் தினமும் காலை ஆறு மணிக்கு அண்ணனும் நானும் பால் வாங்கப் போவோம். அண்ணன் என்னைவிட மூன்று வயது பெரியவன். பால் பூத் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. உங்களுக்கு நினைவிருக்குமே, கண்ணாடி பாட்டில் காலம் அது. கம்பிக் கூடையில் காலி பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக் கணகணவென்று பேசிக்கொண்டே வரும். பாட்டிலின் வாயில் வெள்ளித்தாள் மூடி. நீலக்கோடு போட்டது ஒரு தினுசு, கோடு இல்லாதது ஒரு தினுசு. மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஆடையை நக்கிவிட்டு, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைப்போம். வண்டி வரும்வரை வரிசையில் நிற்க வேண்டும். முளா ஆற்றிலிருந்து பனி ஏறி வந்து, தெருவிளக்குக்குக் கீழே பஞ்சுபோல நிற்கும். அதற்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளிவருவார்கள்.

வருகிற உருவம் ஆணா பெண்ணா என்று சொல்வது எங்கள் விளையாட்டு. ஜெயித்தவருக்கு ஒரு மூடி.

அண்ணன் எப்போதும் தோற்பான். அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும், அதுதான் அவன் கஷ்டம். பின்னலைத் தேடுவான், புடவைக் கரையைத் தேடுவான், சைக்கிளைத் தேடுவான். அந்தக் குளிரில் எல்லோரும் தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு வந்தார்கள். அவன் தேடுவது எதுவும் வெளியே தெரியாது. நான் எதையும் தேடுவதில்லை. உருவம் அசைந்ததும் சொல்லிவிடுவேன். யோசித்துப் பார்த்தால் இப்போது கொஞ்சம் விளக்க முடிகிறது. எங்கள் தெருவில் ஆண்கள் தோளால் நடந்தார்கள். தோள் இப்படியும் அப்படியும் இடம் பிடித்துக்கொண்டு வரும். பெண்கள் கை வெறுமையாக இருந்தாலும் எதையோ தூக்கிக்கொண்டு வருவதுபோல் வந்தார்கள். எல்லோரும் அப்படி இல்லை. தபால்காரர் பெண்ணைப்போல ஒசிந்து நடப்பார், மீன் விற்கிற அம்மாள் போலீஸ்காரரைப்போல வருவாள். ஆனால் அவர்களை அவர்களாகவே தெரியுமாதலால் நான் ஏமாறவில்லை.

டிசம்பரில் ஒரு காலை. எங்கள் சாள் இருந்த சந்திலிருந்து ஒரு உருவம் வந்து, பால் வரிசையைக் கடந்து, ஆற்றுப் பாலத்தை நோக்கிப் போனது.

"ஆம்பளை. பக்கா" என்றான் அண்ணன்.

"அக்கா" என்றேன்.

"ஆம்பளையா பொம்பளையான்னுதான் கேட்டேன். யாருன்னு கேக்கலை."

"எனக்கு அக்கான்னுதான் தெரியுது."

"அரே, பேன்ட் போட்டிருக்கான்டி. கோட்டு. குரங்குக் குல்லா. கண்ணு இருக்கா இல்லியா உனக்கு?"

எனக்குப் பேன்டும் தெரியவில்லை, குல்லாவும் தெரியவில்லை. நீளமான ஒரு கறுப்பு அசைவு தெரிந்தது. அது அக்காவின் அசைவு. "அக்காதான்" என்று மறுபடியும் சொன்னேன். அண்ணன் என் கையிலிருந்த மூடியைப் பிடுங்கிக்கொண்டான்.

மறுநாளும் அதே உருவம். அதற்கு மறுநாளும். அண்ணன் இந்தத் தடவை எங்கிருந்து வருகிறது என்று கவனித்துவிட்டு, வீட்டில் போய்ச் சொன்னான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைக் கேலி செய்யத்தான் சொன்னான்.

"அம்மா, தினம் காலைல அக்கா ரூம் சந்துலேருந்து ஒரு ஆள் வெளிய போறான். இவ அவனைப் போய் அக்கான்னு சொல்றா!"

அம்மா காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. அடுப்பிலிருந்து திரும்பி, "எந்த ஆளு?" என்றாள்.

அன்று சாயங்காலம் அது குழாயடிக்குப் போனது. இரண்டு நாளில் சாள் முழுக்கத் தெரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு. அதுவரை அந்த உருவத்தை ஒருத்தரும் கவனித்தது கிடையாது. இப்போது எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் அந்த ஆளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும் என்றார். ஒருவர் பீடி வாசனை வந்தது என்றார். மூன்றாவது அறைக்காரர் மீசையையே பார்த்துவிட்டார். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆம்பளை என்று மனசு முடிவு செய்ததும் மீசையைக் கண்ணே வரைந்துகொண்டது.

நான் மட்டும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்: அது அக்கா, அது அக்கா. அம்மா கொஞ்சம் தடுமாறினாள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாள் என்னை உட்காரவைத்து, "எப்டிடி சொல்ற?" என்றுகூடக் கேட்டாள்.

அந்த வாரம் பார்த்து எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கண் பரிசோதனை வந்தது. சுவரில் அட்டையைத் தொங்கவிட்டு எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். எனக்கு அட்டைதான் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. முன்னால் நின்ற பெண் படித்ததை மனப்பாடமாக ஒப்பித்தேன். டாக்டர் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி கேட்டார். வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார்கள்.

அம்மா அழுதாள். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, திமிர் என்று சொன்னதற்கெல்லாம் சேர்த்து அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கண்ணே தெரியாத புள்ள. இது சொல்றதைப் போய் நம்ப இருந்தேனே" என்றாள். அக்காவின் பக்கம் இருந்த ஒரே சாட்சி அத்தோடு தள்ளுபடி ஆனது.

கட்கி பஜாரில் கண்ணாடி வாங்கினோம். கறுப்புச் சட்டம், சோடா பாட்டில் அடிபோல வில்லை. கடையைவிட்டு வெளியே வந்தபோது அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வேப்பமரத்தில் இலைகள் தனித்தனியாக இருந்தன. எதிர்க்கடைப் பலகையில் எழுத்துக்களுக்கு ஓரம் இருந்தது. அப்பாவின் கன்னத்தில் அம்மைத் தழும்பு இருந்தது. "இது எப்போ வந்துச்சுப்பா?" என்றேன். "நான் பொறந்த ரெண்டாம் வருசம்" என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

முகங்களைப் பார்த்து எனக்கு அலுக்கவில்லை. மச்சம், மூக்குத்தி, வெற்றிலைக் கறை, நரைத்த புருவம். ஒருவர் வந்தால் தலையிலிருந்து கால்வரை படித்து முடிப்பதற்குள் தாண்டிப் போய்விடுவார். பால் வரிசையிலும் நான் இப்போது பின்னலைத் தேடினேன், புடவைக் கரையைத் தேடினேன். விளையாட்டில் தோற்க ஆரம்பித்தேன். அண்ணனுக்கு ஒரே குஷி. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. முகம் வந்த சந்தோஷத்தில் நடை போனதை நான் கவனிக்கவே இல்லை.

கண்ணாடி வந்த நாலாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. குழாயில் தண்ணீர் நின்றபின் காகு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காகா பக்கத்தில். சாளில் இருந்த எல்லோரும் வாசலில் நின்றார்கள். அக்காவைக் கூப்பிட்டார்கள்.

காகு சுற்றி வளைக்கவில்லை. பெண்பிள்ளைகள் இருக்கிற இடம், தினமும் காலையில் உன் அறையிலிருந்து போகிற ஆள் யார் என்று ஹிந்தியில் கேட்டார்.

"ஆள் யாரும் இல்லை. போறது நான்தான்" என்றாள் அக்கா. ஹிந்தியில் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்துத் தமிழிலும் சொன்னாள். "நான்தானுங்க."

யாரோ சிரித்தார்கள்.

"நீயா? பேன்ட் போட்டுக்கினா?" என்றாள் அம்மா.

"ஆமாங்க. எங்கண்ணனோட பழைய பேன்ட்டு, கோட்டு. பாலம் வரைக்கும் நடந்துட்டு, பின்பக்கமா வந்துருவேன். அவ்வளவுதானுங்க."

"எதுக்கு?"

"நடக்கத்தான்."

கோயிலுக்கு, வைத்தியருக்கு, டியூஷனுக்கு என்று எதையாவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். நடப்பதற்காக நடப்பது என்ற ஒன்றை அந்த முற்றத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. மீசையைப் பார்த்த மூன்றாவது அறைக்காரர், "நாங்க அத்தனை பேரும் குருடா?" என்று கோபப்பட்டார். காகு கையை உயர்த்தி அமைதிப்படுத்திவிட்டு, "சரி, போட்டுக்கொண்டு நடந்து காட்டு" என்றார்.

அக்கா உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள். திரும்பி வந்தபோது பேன்ட், கோட்டு, காதை மூடிய குரங்குக் குல்லா. யாரையும் பார்க்காமல் குழாயிலிருந்து கொய்யா மரம்வரை போனாள், திரும்பி வந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடி சின்னச் சின்னதாக விழுந்தது. கொய்யா மரத்தடியில் ஒரு கல்லில் இடறினாள்.

காகு என்னைக் கூப்பிட்டார். முதலிலிருந்தே அது அக்காதான் என்று சொன்னது இந்தப் பெண். அப்போது இவளுக்குக் கண் தெரியாது. இப்போது நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அதனால் இவள் சொல்லட்டும் என்றார். அவர் அதை நியாயம் என்று நினைத்துத்தான் செய்தார்.

"தூ சாங், நீ சொல்லு. நீ பார்த்தது இதுதானா?"

நான் பார்த்தேன். எவ்வளவு கவனமாகப் பார்த்தேன் தெரியுமா! கோட்டில் மூன்றாவது பொத்தான் இல்லை. பேன்ட் கால் மடிப்பில் காய்ந்த சேறு. மேலுதட்டில் வேர்வை. குல்லாவின் ஓரத்தில் ஒரு முடிக்கற்றை. எல்லாம் தெரிந்தது. நான் பனியில் பார்த்தது மட்டும் அங்கே இல்லை. எங்கே போயிற்று என்று உண்மையாகவே தேடினேன்.

"இல்லை. இது வேற மாதிரி இருக்கு" என்றேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணாடி போட்டபின் நான் தெளிவாகப் பார்த்த முதல் வருத்தம் அது.

மாதம் முடிவதற்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒன்பது நாள் இருந்தது. கடையில் வாங்கிய ஜிலேபி கொடுத்து அம்மா என்னைப் பாராட்டினாள். நான் தின்றேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அக்கா நாலு நாள் காலையில் நடக்கப் போகவில்லை. ஐந்தாம் நாள் அண்ணனுக்குக் காய்ச்சல். அப்பா கேட்வரை கொண்டுவந்து விட்டுப் போக, நான் மட்டும் வரிசையில் நின்றேன். அன்று பனி அதிகம். மஃப்ளருக்குள் விட்ட மூச்சு மேலே வந்து கண்ணாடியில் படிந்து, எல்லாம் வெள்ளையாகிவிட்டது. கழற்றிப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தேன்.

அக்கா வந்துகொண்டிருந்தாள்.

யோசிப்பதற்கு முன்னால் தெரிந்துவிட்டது. அவசரமாகக் கண்ணாடியைப் போட்டேன். கோட்டும் பேன்டுமாக ஒரு ஆம்பளை. கழற்றினேன். அக்கா. போட்டேன். ஆம்பளை. எத்தனை தடவை செய்தேனோ. என் பின்னால் நின்ற கிழவர், "க்யா ஹுவா பேட்டீ? என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். ஒரே ஆள், ஒரே தெரு, ஒரே இரண்டு கண். நடுவில் ஒரு வில்லை வந்தால் ஆம்பளை, போனால் அக்கா. பயமாக இருந்தது, பயத்தைவிட அதிசயமாக இருந்தது. நன்றாகத் தெரிந்தால் தப்பாகத் தெரியுமா என்ன?

கூடையை வரிசையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். "அக்கா!"

உருவம் நிற்கவில்லை. வேகத்தை மட்டும் குறைத்தது. "சத்தம் போடாதே கண்ணு. கூட நட" என்றது அந்தக் கனத்த குரல்.

கூடவே நடந்தேன். ஓட்டமும் நடையுமாகத்தான், அவ்வளவு பெரிய எட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன் அக்கா."

"தப்பாச் சொல்லலை. அன்னைக்கு முத்தத்துல நடந்தது நான் இல்லையே. இருபது பேரு கண்ணு மேல இருக்கறப்ப யாருக்கு நடக்க வரும் கண்ணு?" பிறகு அவளே கேட்டாள்: "இப்ப எப்படித் தெரிஞ்சுது? முகத்தைக்கூட மூடியிருக்கேனே."

"கண்ணாடியைக் கழட்டினேன்."

அவள் நின்றுவிட்டாள். "கழட்டினதும் தெரிஞ்சுதா? எதை வெச்சு?"

அதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. கண்ணை மூடி நினைத்துப் பார்த்துச் சொன்னேன். "இடது தோள் கொஞ்சம் லேட்டா வரும். கால் வெச்சதுக்கு அப்புறம்தான் தோள் வரும். இடுப்புல குடம் இருக்கற மாதிரி. ஆனா குடம் இருக்காது."

அக்கா விளக்குக் கம்பத்தடியில் தன் நிழலைப் பார்த்துக்கொண்டே நாலடி நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடி நடந்தாள். "அட, ஆமா கண்ணு!" என்று சிரித்தாள். "எங்கூட்லேருந்து கிணறு அரை மைலு. எட்டு வயசுலேருந்து சுமந்தேன். குடத்தை விட்டுப் பத்து வருசமாச்சு, தோளு இன்னும் மறக்கலையாட்டிருக்கு. எனக்கே தெரியாதே!"

பாலம்வரை போனோம். ஆறு தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. அவள் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஏன் அக்கா பேன்ட் போட்டுக்கறீங்க?"

"ஆம்பளைன்னு நெனச்சுட்டா ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. அதுக்குத்தான். இங்க நின்னு தண்ணியைப் பார்த்துட்டிருந்தா யாரும் ஒண்ணும் கேக்கறதில்லை. சீலையில நின்னு பாரு, மூணு நிமிசத்துல ஒருத்தன் வந்துருவான். குதிக்கப் போறியான்னு கேக்க ஒருத்தன், வேற எதுக்கோ ஒருத்தன்."

அன்று பால் வாங்கவில்லை. வரிசையில் விட்ட கூடையை எடுத்துக்கொண்டு, காலி பாட்டில்களோடு வீட்டுக்கு வந்து, சவரம் செய்துகொண்டிருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா குறுக்கே பேச வந்தாள். அப்பா கத்தியைப் பிடித்த கையால் அவளைத் தடுத்துவிட்டு, "நாளைக்கு நானும் வரேன்" என்றார். அத்தனை பேரில் பனியில் போய்ப் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்று அவர் ஒருவருக்குத்தான் தோன்றியது.

மறுநாள் உருவம் வந்தபோது அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எனக்கு ஆம்பளையாத்தான் தெரியுதும்மா" என்றார் ஒளிக்காமல். நான் கூப்பிட்டேன். அக்கா நின்று, அப்பாவைப் பார்த்து, குல்லாவைக் கழற்றினாள். பின்னல் கோட்டின்மேல் விழுந்தது. அப்பா இரண்டு கையையும் கூப்பினார். "தப்பு நடந்துபோச்சும்மா. என் வூட்லேருந்துதான் ஆரம்பிச்சுது."

தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்குள் காகுவின் வாசலில் போய் நின்றோம். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். காகு அக்காவை உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"எவ்வளவு தூரம்?"

"பாலம் வரைக்கும். சில நாள் தாண்டியும் போவேன்."

"தனியாவா? நாய் இல்லையா?"

"இருக்கும். பேன்ட்டைப் பார்த்தா அதுவும் குரைக்கறதில்லை."

"நடக்கும்போது என்ன நினைப்பே?"

அக்கா யோசித்தாள். "ஒண்ணும் நினைக்கறதில்லை."

"ஒண்ணுமேவா?" என்றார் காகு. அவர் அந்த வார்த்தையைக் கேட்ட விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. பதிமூன்று வயதில் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தவர். காய்கறிக்காரன் வரும் மூலைக்கு அப்பால் அவர் துணையில்லாமல் போய் நான் பார்த்ததில்லை. கடைசியில், அறை அப்படியே இருக்கட்டும், போகவேண்டாம் என்றார். மன்னிப்பு அவ்வளவுதான்.

அக்கா இருக்கவில்லை. கூட வேலை செய்யும் ஒரு பெண்ணோடு கட்கியில் இடம் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை குதிரை டாங்கா வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு எல்லோரும் பார்க்க, புடவையில், வாசல்வரை நடந்து போனாள். அம்மா உள்ளேயே இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் அக்காவைப் பார்த்ததில்லை. அவளுக்கு இப்போது எண்பது இருக்கலாம். எங்கேயாவது தூரத்தில் நடந்து வந்தால் எனக்குத் தெரியும்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் பிப்ரவரியில் ஒரு நாள், பனி மெலிந்துவிட்டிருந்த காலை, எங்கள் சந்திலிருந்து மறுபடியும் ஒரு உருவம் வந்தது. நீளக் கோட்டு, கால்சட்டை, தலையைச் சுற்றி மஃப்ளர்.

"ஆம்பளை" என்றான் அண்ணன். உற்றுப் பார்த்துவிட்டு, "அரே, காகாவோட கோட்டு! காகா எங்கடி இவ்ளோ சீக்கிரம் கிளம்பிட்டாரு?"

எனக்குக் கண்ணாடியைக் கழற்றத் தேவைப்படவில்லை. அந்த உருவம் ஒவ்வொரு அடிக்கும் தரையைக் கேட்டுக் கேட்டு வைத்தது. வலது கை அடிக்கொரு தரம் முன்னால் போய், அங்கே இல்லாத ஒரு புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தது. பிடிக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் விலகும். நாலடி போனதும் மறுபடி போகும். பால் வரிசையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்துத் திருப்பம் வந்ததும் கை அடங்கிவிட்டது. எட்டு கொஞ்சம் பெரிதானது.

"சொல்லு, காகாதானே?"

"ஆமா, காகாதான்" என்றேன்.

அந்தக் குளிர் முடியும்வரை வாரத்தில் இரண்டு மூன்று நாள் அந்த உருவம் போனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. காகுவிடமும் கேட்கவில்லை. ஒருநாள் குழாயடியில் அவர் என் கண்ணாடியையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, என் குடத்தை வரிசையில் முன்னால் நகர்த்தி வைத்தார்.

அண்ணன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். எழுபதைத் தொட்டுவிட்டான். சர்க்கரைக்காக நடக்கச் சொல்லும் டாக்டரிடம், எங்கள் போபோடி காகா அந்தக் காலத்திலேயே முட்டிவலியோடு விடியற்காலையில் ஆற்றுப் பாலம்வரை நடந்தவர், எழுபத்தெட்டு வயது வாழ்ந்தார் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான். நல்ல உதாரணம்தான் என்று நான் இத்தனை வருஷம் தலையாட்டினேன். அவன் தமிழ் படிப்பான். இதையும் யாராவது அவனுக்கு அனுப்பிவைப்பார்கள்.